தமிழ்ப் புனைவில் குழந்தைப் புற்றுநோய்

தமிழ்த் திரைப்படங்களிலும் தொடர்கதைகளிலும் புற்றுநோய் அடிக்கடி வருகிறது. ஆனால் அது நோயாக வருவது குறைவு. காதலர்களைப் பிரிக்கவும், ஒருவரைத் தியாகி ஆக்கவும், கதையை முடித்துவைக்கவும் பயன்படும் கருவியாகவே பெரும்பாலும் வருகிறது. ஆண்டுக்கணக்கில் ஒரு வீட்டுக்குள் நடக்கும் சிகிச்சைக்கு இக்கதைகளில் ஏறத்தாழ இடமில்லை. நோயாளி குழந்தையாக இருக்கும்போது இந்தக் குறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962-இல் வெளிவந்தது. கணவனுக்குப் புற்றுநோய், சிகிச்சை தரும் மருத்துவர் மனைவியின் முன்னாள் காதலர். படம் ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. அங்கே ஒரு நோயாளிச் சிறுமியும் உண்டு. குட்டி பத்மினி நடித்த பாத்திரம். நாயகியின் தாய்மையைக் காட்டுவதே அவளுக்குக் கதையில் உள்ள வேலை. மற்றபடி அவளை யார் கூட்டி வந்தார்கள், என்ன மருந்து தருகிறார்கள் என்பதில் படத்துக்கு அக்கறை இல்லை. இதைக் காலம் கருதி மன்னிக்கலாம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை திறக்கப்பட்டதும் அதே 1962-இல்தான். அப்போது ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் பிழைப்பது உலகெங்கும் மிக அரிது. படத்தின் அவநம்பிக்கையும் மருத்துவத்தின் அவநம்பிக்கையும் ஒன்றாகவே இருந்தன.

1982-இல் வந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' ஆகிய படங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை வந்து, மேலைநாடுகளில் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பாதிப் பேராவது குணமாகத் தொடங்கியிருந்தார்கள். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1980-களின் நடுவில் மும்பை டாடா மருத்துவமனையோடும் டெல்லி எய்ம்ஸோடும் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றத் தொடங்கியது. எம்.சி.பி.-841 என்று பெயர் பெற்ற அந்த முறை இங்கும் பிழைத்தவர்களின் எண்ணிக்கையை வெகுவாக உயர்த்தியது. திரைக்கதை மட்டும் 1962-லேயே நின்றுவிட்டது. பெரியவர்களுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் வேறு, அது கடினமானது என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் பார்வையாளர் அந்த வேறுபாட்டை எங்கே கற்பார்? மகளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு நிற்கும் தகப்பனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது மோகன்தான்.

நோயை உருவகமாக்குவது நோயாளிக்கே தீங்கு என்று சூசன் சான்டாக் 1978-இல் எழுதினார். தமிழில் அந்தத் தீங்கின் வடிவம் கொஞ்சம் வேறு. ஏ.எல்.எல். சிகிச்சையில் முதல் மாத முடிவிலேயே பெரும்பாலான குழந்தைகள் தெளிந்துவிடுவார்கள். காய்ச்சல் போய்விடும், விளையாடத் தொடங்குவார்கள். மருந்தோ இரண்டு, மூன்று ஆண்டுகள் தொடர வேண்டும். 'ஒன்று செத்துப்போவாள், இல்லாவிட்டால் அற்புதமாகப் பிழைப்பாள்' என்ற கதையை மட்டுமே கேட்டு வளர்ந்த வீட்டில், தெளிந்த குழந்தைக்கு எதற்கு மாத்திரை என்ற கேள்வி எழுவது இயல்பு. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது இந்தியாவில் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் போராடிவரும் சிக்கல். பணமும் தூரமும் முதன்மைக் காரணங்கள். கதையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

எழுதப்படாத அந்த இரண்டு ஆண்டுகள் எப்படி இருக்கும்? கும்பகோணத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். சென்னை ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். இரவு உழவன் ரயிலில் ஏறினால் விடியலில் எழும்பூர். வழியில் தூக்கத்திலேயே வைத்தீஸ்வரன் கோயில் கடந்துபோகும். நோய் தீர்க்கும் சாமியைத் தாண்டித்தான் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கிறது. வீட்டில் மெர்காப்டோபியூரின் மாத்திரையை அம்மா பாதியாக உடைத்து, இன்றைக்கு அரையா முழுசா என்று காலண்டரில் குறிப்பாள். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள். மறந்து தினமும் கொடுத்துவிட்டால் ஆபத்து. ஸ்டீராய்டு நாட்களில் குழந்தை நடுராத்திரி எழுந்து ரசம் சாதம் கேட்கும், முகம் உப்பிவிடும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் வாரங்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மாசி மகக் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிப்போக முடியாது. தலை மொட்டையானதைப் பார்த்துத் தெருவில் கேட்பார்கள்: "சுவாமிமலையா, எங்கே வேண்டுதல்?" அம்மா ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு பொய்யில் ஒரு சிறுகதை இருக்கிறது. பாட்டி வீட்டில் விடப்பட்ட அண்ணனிடம் ஒரு நாவலே இருக்கிறது.

இதற்கு அருகில் வந்த படம் மணிரத்னத்தின் 'அஞ்சலி' (1990). அதில் வருவது புற்றுநோய் அல்ல. இருந்தாலும் நோயுற்ற குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு அண்ணனும் அக்காவும் காட்டும் வெறுப்பு, அண்டை வீட்டாரின் முணுமுணுப்பு, தாயின் தடுமாற்றம் எல்லாம் அதில் நேராகக் காட்டப்படுகின்றன. முடிவு பழைய வழக்கப்படியே மரணம். அதற்கு முந்தைய பகுதிதான் படத்தின் பலம்.

இலக்கியத்தில் இதற்கான வடிவம் கும்பகோணத்திலேயே உருவாகியிருக்கிறது. இவ்வூரில் பிறந்து ஜரிகை வணிகம் செய்த எம்.வி. வெங்கட்ராம் எழுதிய 'காதுகள்' 1992-இல் வெளிவந்து, 1993-ஆம் ஆண்டு சாகித்ய அகாதெமி விருது பெற்றது. காதுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்கும் மகாலிங்கத்தின் கதை அது; ஆசிரியரின் சொந்த அனுபவத்திலிருந்து எழுந்தது. குழந்தையும் புற்றுநோயும் அதில் இல்லை. ஆனால் தீராத ஒரு நோய் சாப்பாட்டு நேரத்துக்குள்ளும் கடனுக்குள்ளும் புகுந்து குடியிருப்பதை அந்த நாவலைப் போலச் சொன்ன தமிழ்ப் படைப்புகள் குறைவு. நோய் அங்கே உச்சக்காட்சிக்காகக் காத்திருப்பதில்லை, அன்றாடம் நடக்கிறது. மறுநாளும் அடுப்பு எரிந்தாக வேண்டும்.

அதன் குறையும் இங்கேதான். நாவல் நோயாளியின் தலைக்குள்ளேயே நடக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் ஓரத்தில் நிற்கிறார்கள். குழந்தைப் புற்றுநோயை எழுத வருபவருக்கு அந்த ஓரம்தான் நடு இடம். நாலு வயதுக் குழந்தையால் தன் நோயைச் சொல்ல முடியாது. மாத்திரையை உடைப்பவள் சொல்ல வேண்டும், அல்லது பாட்டி வீட்டுத் திண்ணையில் தொலைபேசிக்காகக் காத்திருப்பவன் சொல்ல வேண்டும்.