விட்டுவிட்டு வருவதற்கான விலை

பத்தாம் வகுப்பை எட்டுகிற பையன் பள்ளிக்கு மட்டம் போடுகிறான். பையில் கூல் லிப் புகையிலைப் பொட்டலம் கிடக்கிறது. கேட்டால் அம்மாவை நோக்கிக் கை ஓங்குகிறான். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் இப்படித் தவிக்கும் குடும்பத்துக்கு உறவினர்கள் சொல்லும் முதல் யோசனை, "எங்கேயாவது ஹாஸ்டல்ல போட்டுடுங்க" என்பதுதான். உள்ளூர்த் தனியார் பள்ளி விடுதி, கொஞ்சம் வசதி இருந்தால் நாமக்கல், ராசிபுரம் உறைவிடப் பள்ளிகள். போதை முற்றிவிட்டது என்று தெரிந்தால் மறுவாழ்வு மையம். எதற்கும் பணம் வேண்டும். பல வீடுகளில் அது அடகு வைத்த நகையாகவோ வட்டிக்கு வாங்கிய கடனாகவோ இருக்கிறது.

இதைப் பெற்றோரின் பாசக்குறைவு என்று ஒதுக்குவது அநியாயம். அப்பாவே தினமும் குடித்துவிட்டு வந்து அடிக்கும் வீட்டில் ஒரு சிறுவனைத் திருத்தப் பார்ப்பதைவிட, சில மாதங்களாவது அவனை அங்கிருந்து அகற்றுவது நல்லது. குடிக்குப் பழகிப்போன உடம்பு, திடீரென நிறுத்தினால் வலிப்பு கண்டுவிடலாம். அதற்கு மருத்துவமனைப் படுக்கைதான் வழி. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, முகரும் போதைப் பொருட்களில் மட்டும் 10 முதல் 17 வயதினரின் பழக்கம் பெரியவர்களுடையதைவிட அதிகம்: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, சிறார்களில் 1.17 விழுக்காடு. ஆகவே தங்கிப் பெறும் சிகிச்சையின் தேவையை நான் மறுக்கவில்லை. அந்தப் பணம் எதை வாங்குகிறது என்பதே என் கேள்வி.

பள்ளியை முதலில் எடுத்துக்கொள்வோம். பொதுத்தேர்வில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேருந்து நிலையத்தில் பேனர் வைக்கிற பள்ளிக்குத் தடுமாறும் மாணவன் ஒரு சுமை. ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து வெளியேற்றுவது தமிழ்நாட்டில் பெற்றோர்கள் நன்கறிந்த பழக்கம். அப்படிப்பட்ட பள்ளி இவனைச் சேர்த்துக்கொண்டாலும் அதிகாலைப் படிப்பு, இரவுப் படிப்பு, வாரத் தேர்வு என்று இன்னும் இறுக்கத்தான் செய்யும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற கற்றல் குறைபாடு ஒருவனுக்கு இருந்து, அந்த அவமானமே அவனை வகுப்பிலிருந்து துரத்தியிருந்தால், இந்த இறுக்கம் நோயை வளர்க்கும். கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அங்கீகரிக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் யாராவது அவனைப் பரிசோதித்திருக்க வேண்டும். விடுதிக் கட்டணத்தில் அந்தப் பரிசோதனைக்கு இடமிருப்பதை நான் பார்த்ததில்லை. கண்காணிப்பாவது இருக்கிறதா? விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும், முன்பு விழுப்புரத்தோடு இருந்த கள்ளக்குறிச்சிப் பகுதியில், 2022 ஜூலையில் கனியாமூர் தனியார் பள்ளி மாணவி இறந்த பிறகுதான், அவர் தங்கிய விடுதி உரிய அனுமதி பெறாதது என்ற செய்தி வெளியே வந்தது.

மறுவாழ்வு மையங்களின் ஆபத்து இதைவிடப் பெரிது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். மனநலம் குன்றியவர்கள், ஆதரவற்றவர்கள், குடிக்கு அடிமையானவர்கள் என்று பலர் அங்கே இருந்தார்கள். உரிமம் இல்லை. சங்கிலி, அடி, பாலியல் வன்கொடுமை என்று புகார்கள் குவிந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அங்கே சேர்த்த முதியவரைப் பார்க்கப் போனபோது அவர் இல்லாததால் உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு மனுதான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. யாரோ ஒருவர் பார்க்கப் போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீயில் கருகிய 28 பேரைக் காப்பாற்ற முடியாமல் போனதற்குக் காரணம் அவர்களைப் பிணைத்திருந்த சங்கிலி. அங்கும் குடும்பங்கள் பணம் கட்டித்தான் விட்டுவிட்டு வந்திருந்தன. பணக்கார நாட்டிலும் கதை இதேதான். அமெரிக்காவில் பிள்ளைகளைத் திருத்துவதாகச் சொல்லிப் பெருந்தொகை வாங்கும் மையங்களில் நடந்த கொடுமைகளால், 2024 டிசம்பரில் அங்கே தனிச்சட்டமே தேவைப்பட்டது.

நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைச் சிக்கலையும் மனநோய் வரையறைக்குள் வைக்கிறது. சிறாரைச் சேர்க்க வேண்டுமானால் இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், பெரியவர்களோடு தங்கவைக்கக் கூடாது, 72 மணி நேரத்துக்குள் மனநல வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, சிகிச்சை முடியும்வரை பெற்றோரோ பொறுப்பாளரோ அவர்கள் நியமிக்கும் துணையாளோ பிள்ளையுடனேயே தங்க வேண்டும் என்று 87ஆம் பிரிவு சொல்கிறது. "ஒரு மாசத்துக்கு வராதீங்க, போன் பண்ணாதீங்க" என்று ஒரு மையம் பெற்றோரிடம் சொன்னால், சட்டத்தின் மையக் கட்டளையையே அது மீறுகிறது. பல பெற்றோர் அதைக் கண்டிப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டு நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிக்குத்தான் அவர்கள் விலை கொடுக்கிறார்கள், சிகிச்சைக்கு அல்ல. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, சிகிச்சைக்கு வருபவரோடு குடும்பத்தாரையும் உட்காரவைத்து ஆலோசனை தருகிறது. திரும்பிவரும் பிள்ளை அதே தெருவுக்கும் அதே வீட்டுக்கும்தானே வருகிறான். வீடு மாறாவிட்டால் கட்டிய பணம் அவன் உள்ளே இருந்த நாட்களோடு தீர்ந்துவிடும்.

பெற்றோர் கூடவே தங்க வேண்டும் என்பதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானது. கரும்பு வெட்டப் போகிற தாய், பிள்ளையோடு எப்படி வாரக்கணக்கில் தங்குவாள்? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான், போகிற கூலிக்கு யார் பொறுப்பு? தனியார் மையத்தை நோக்கி ஏழைகளைத் தள்ளுவதில் இந்தக் கூலி இழப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வேலைக்குப் போக முடியாத கர்ப்பிணிக்குக் கூலி இழப்பை ஈடுகட்டத் தமிழ்நாடு அரசு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய்வரை தருகிறது. மருத்துவமனையில் பதினாறு வயதுப் பிள்ளையின் கட்டிலோரம் தங்கியாக வேண்டிய தாய்க்கோ தகப்பனுக்கோ அப்படி ஒரு தொகையை ஒதுக்குவது இந்த அரசுக்குத் தெரியாத வேலை அல்ல. அதோடு, பதிவு பெற்ற மையங்களின் பட்டியலை விழுப்புரம், திண்டிவனம் ஊர்களின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் தாலுகா அலுவலகத்திலும் ஒட்டிவைக்க மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டால் போதும். நகையை அடகு வைக்கப் போகும் முன் ஒரு தகப்பன் அதைப் பார்த்துவிடுவார்.