ஆகாயத்துக்கு யார் காவல்?

ஆர்தர் கிளார்க்கின் விஞ்ஞானக் கதைகளை விரும்பிப் படிப்பவர்கள்கூட, 1960-ல் அவர் எழுதிய 'ஐ ரிமெம்பர் பாபிலோன்' என்ற சிறுகதையை அதிகம் பேசுவதில்லை. அதில் வேற்றுக்கிரகம் இல்லை; ராக்கெட் பிரயாணம் இல்லை. கொழும்பில் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்குச் சர்க்கார்கள் தூக்கம் கெட்டு யோசிக்கும் ஒரு விஷயத்தை அந்தப் பேச்சு தொட்டுவிடுகிறது.

கதை சொல்பவர் கிளார்க்கேதான். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று துணைக்கோள்களை நிறுத்தினால் உலகம் பூராவுக்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-ல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் எழுதியவர் அவர். தம்முடைய அந்த யோசனையையே எதிரியின் கையில் கொடுத்துப் பார்க்கிறார். கதையில் வரும் அமெரிக்கன் டெலிவிஷன் தொழிலை நன்கு அறிந்தவன். இப்போது கம்யூனிஸ்ட் சீனாவுக்கு வேலை செய்கிறான். வானத்திலிருந்து அமெரிக்க வீடுகளுக்குள் நேரே படம் அனுப்பப் போகிறார்கள். முதலில் கோணார்க் சிற்பங்கள் போன்ற சிருங்காரக் காட்சிகள்; கண் பழகிய பிறகு, அவற்றோடு கலந்து பிரசாரம். எந்தத் தணிக்கை அதிகாரியும் தடுக்க முடியாது. இந்தக் கதை வெளியான பத்திரிகை 'பிளேபாய்' என்பது ஒரு தனி வேடிக்கை!

கதை என்ற முறையில் இதில் பெரிய குறை உண்டு. ஒருவன் பிரசங்கம் செய்கிறான்; மற்றவர் கேட்கிறார். சம்பவம் என்று ஒன்றும் நடப்பதில்லை. இருந்தும் கீழே வைக்க முடியவில்லை. காரணம், அந்த மனிதன் கொடியவனாகப் பேசுவதில்லை. நல்ல சரக்கு கைவசம் உள்ள வியாபாரியைப் போல உற்சாகமாகப் பேசுகிறான்.

கிளார்க்கின் ஜோசியம் பாதி பலித்தது. 1991-ல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டி.வி. நம் வீடுகளுக்குள் வந்தபோது டில்லியிடம் லைசென்ஸ் கேட்டுக்கொண்டு வரவில்லை. கேபிள் சட்டம் 1995-ல்தான் பிறந்தது. ஆனால் வந்து இறங்கியது புரட்சியல்ல. தொடர் நாடகமும் சோப்பு விளம்பரமும்.

பலிக்காத பாதிதான் முக்கியம். அந்நியன் எதை அனுப்புவான் என்று கிளார்க் பயந்தார். சாவி யார் கையில் இருக்கும் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அமெரிக்க செனட்டில் சிலர் 1962-ல் கேட்டார்கள். பொதுப் பணத்தில் பிறந்த வித்தையைத் தனியார் கம்பெனிக்குத் தாரை வார்ப்பதா என்று நாள்கணக்கில் பேசினார்கள். ஆகஸ்ட் 14-ம் தேதி வோட்டெடுத்து அவர்கள் பேச்சை முடித்துவைத்தது சபை. 1927-க்குப் பிறகு அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. பிறந்த கம்பெனியின் 15 டைரக்டர்களில் 3 பேரை மட்டும் ஜனாதிபதி நியமிக்கலாம் என்று ஏற்பாடாயிற்று.

அறுபது வருஷம் கழித்து, 2022-ல், யுத்தத்தின் நடுவே கிரிமியாப் பக்கம் ஸ்டார்லிங்க் சேவையைத் திறக்கச் சொல்லி உக்ரேன் கேட்டது. கம்பெனி முதலாளி ஈலோன் மஸ்க் மறுத்தார். ஒரு தனி மனிதர் சாவியை இடுப்பில் செருகியிருந்தார்!

இதைப் பார்த்த எந்தச் சர்க்காரும் எச்சரிக்கையாகத்தான் இருக்கும். 2008-ல் பம்பாயைத் தாக்கியவர்களிடம் சாட்டிலைட் போன் இருந்ததை நாமும் மறக்க முடியாது. ஸ்டார்லிங்குக்கு இந்தியா லைசென்ஸ் கொடுத்தது 2025-ல். செய்தி நம் நாட்டுத் தரை நிலையத்தின் வழியாகவே போக வேண்டும், சட்டப்படி ஒட்டுக்கேட்க வசதி வேண்டும், உத்தரவு வந்தால் குறிப்பிட்ட பிரதேசத்தில் சேவையை நிறுத்த வேண்டும் என்பவை நிபந்தனைகள். நியாயமானவையே. ஆனால் சாவி இடம் மாறியதோடு கதை முடிந்துவிடுமா? 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் நிறுத்தப்பட்ட இணையம், பழைய வேகத்தோடு எங்கும் திரும்பியது 2021 பிப்ரவரியில். நிறுத்தும் உத்தரவுகளை ஒளிக்காமல் வெளியிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2020 ஜனவரியில் சொல்ல வேண்டியிருந்தது.

கிளார்க்கின் கதையில் அனுப்புகிறவன் இருக்கிறான், எச்சரிக்கிறவர் இருக்கிறார். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு மட்டும் பெயரும் இல்லை, முகமும் இல்லை. லைசென்ஸ் பத்திரத்திலும் இதே கதைதான். ஒரு பக்கம் சர்க்கார் கையெழுத்து, மறு பக்கம் கம்பெனி கையெழுத்து. பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கும் பையனும், டாக்டரைக் கூப்பிடத் தவிக்கும் தாயும் அதில் எங்கே கையெழுத்துப் போடுவார்கள்?

தேசத்தின் பாதுகாப்பு அவர்களுடைய பாதுகாப்புந்தான். அவர்களையும் பாத்திரங்களாக வைத்து இந்தக் கதையை இன்னொருவர் எழுத வேண்டும். அதுவரையில் கிளார்க்கின் கதையைத் தேடிப் படியுங்கள். அரைமணி நேரம் வீண் போகாது.