விர்ச்சுவல்பாக்ஸ்: வெளியே பறக்கும் இணையம் உள்ளே ஏன் ஊர்கிறது?

மயிலாடுதுறையில் கணினி படிக்கும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் இருப்பது ஒரே ஒரு விண்டோஸ் லேப்டாப். அதில் கைவைக்காமல் லினக்ஸ் பழக வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வருவது, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிக்காட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ். ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007-இல் இதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2008-இல் இன்னோடெக்கை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது, 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. கை பல மாறியும் இன்றுவரை இலவசம்.

பட்டமங்கலத் தெருப் பக்கம் உள்ள ஒரு பயிற்சி மையத்து லேப்டாப்பில் இதன் 7-ஆம் பதிப்பை நிறுவி, உள்ளே பாஸ் லினக்ஸை ஏற்றிப் பார்த்தோம். சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இந்த பாஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸுடன் சேர்ந்து வந்ததுதான். நிறுவும் வேலை சுளுவாக முடிந்தது. சிக்கல் அதன்பிறகு: விண்டோஸில் சட்டென்று இறங்கும் கோப்பு, உள்ளே இருக்கும் லினக்ஸில் நகர மறுத்தது.

உடனே பிராட்பேண்ட்காரருக்குப் போன் போடுவதுதான் வழக்கம். ஆனால் மேட்டூரில் திறந்த தண்ணீர் வயலுக்கு வரவில்லை என்றால், டெல்டா விவசாயி முதலில் பக்கத்து மதகைத்தான் போய்ப் பார்ப்பார். இங்கும் அதைத்தான் செய்ய வேண்டும். ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடவிட்டு, இரண்டுக்கும் இடையே மட்டும் வேகத்தை அளந்தால் போதும். இணையம் இதில் வரவே வராது. அங்கேயே வேகம் குறைந்தால் கோளாறு லேப்டாப்புக்குள். அங்கே வேகம் இருந்தும் தளங்கள் திறக்கத் தாமதமானால் தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பக்கம் சந்தேகப்படலாம். பிங் முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. லேப்டாப்பின் முகவரியிலேயே லினக்ஸை வெளியே அனுப்பும் விர்ச்சுவல்பாக்ஸின் நேட் முறை, பிங்கை முழுமையாகக் கையாளுவதில்லை.

எங்கள் சோதனையில் கோளாறு உள்ளேதான் இருந்தது. காரணம், விர்ச்சுவல்பாக்ஸ் தானாகத் தேர்ந்து கொடுத்த நெட்வொர்க் அட்டை. இன்டெல் ப்ரோ/1000 எம்டி என்ற பழைய அட்டையை அது மென்பொருளாலேயே நடித்துக் காட்டுகிறது. கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் லினக்ஸ், அந்தப் போலி அட்டையின் பதிவேட்டைத் தொடும்போதெல்லாம் செயலி கெஸ்டை நிறுத்திவிட்டு வெளியே வந்து வேலை பார்க்க வேண்டும். ஒரு ஜிகாபிட் வேகத்தில், 1,500 பைட் பாக்கெட்டுகளாக ஓடினால் நொடிக்குச் சுமார் 81,000 பாக்கெட்டுகள். அத்தனைக்கும் இந்தப் போக்குவரத்து என்றால் சாதாரண லேப்டாப் என்ன ஆகும்?

இதற்கு மாற்றாக வந்ததுதான் விர்ட்ஐஓ. ரஸ்டி ரஸல் வடிவமைத்தது. 2008 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. கெஸ்டுக்குத் தான் மெய்நிகர் கணினிக்குள் இருப்பது தெரியும். அதனால் தனக்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்கும் பொதுவான நினைவகப் பகுதியில் பாக்கெட்டுகளை மொத்தமாக வைத்துவிட்டு ஒருமுறை மணியடிக்கிறது. மெய்நிகர் கணினியை (விஎம்) நிறுத்திவிட்டு, செட்டிங்ஸில் நெட்வொர்க், அதில் அடாப்டர் டைப், அங்கே விர்ட்ஐஓ-நெட். அவ்வளவுதான். மாற்றியதும் ஐபெர்ஃப் எண் ஏறியது, செயலியின் சுமையும் தணிந்தது. லினக்ஸ் ஏற்றப் போகிறோம் என்று தெரிந்த பிறகும் ஆரக்கிள் இதை இயல்புநிலையாக வைக்காதது பெரிய குறை. கெஸ்டாக விண்டோஸ் இருந்தால் விர்ட்ஐஓ டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும்.

விஎம் ஜன்னலின் கீழ்ப்பட்டையையும் ஒருமுறை பாருங்கள். அங்கே பச்சை ஆமைச் சின்னம் தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி செயலியைக் கையில் எடுத்துக்கொண்டு, விர்ச்சுவல்பாக்ஸை அதன் மேல் ஓடவிடுகிறது என்று பொருள். நெட்வொர்க் மட்டுமல்ல, எல்லாமே மந்தமாகும். ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், மெமரி இன்டெக்ரிட்டி ஆகியவற்றை அணைத்தால் ஆமை போய்விடும். ஆனால் மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு அரண். வங்கிக் கணக்கு பார்க்கும் லேப்டாப்பில் அதை அணைக்க நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

நேட்டை விட்டு, லினக்ஸுக்கு நெட்வொர்க்கில் தனி முகவரி தரும் பிரிட்ஜ்டு முறைக்குப் போனால் வேகம் கூடும் என்பது கேபிள் இணைப்புக்குப் பொருந்தும். வைஃபையிலும் செல்போன் ஹாட்ஸ்பாட்டிலும் அது தகராறு செய்யக்கூடும். பெரும்பாலான வைஃபை அட்டைகள் பிறர் முகவரிக்கான பாக்கெட்டுகளை வாங்குவதில்லை என்பதால், விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரியை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்கள் நேட்டிலேயே இருப்பது நல்லது.

பயிற்சி மையங்கள் கவனிக்க: அடிப்படை மென்பொருள் ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. கூடுதல் வசதிகளுக்கான எக்ஸ்டென்ஷன் பேக் அப்படியல்ல, வணிகத்துக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும்; நெட்வொர்க் வேகத்துக்கு அது தேவையும் இல்லை. 4 ஜிபி ராம் மட்டும் உள்ள பழைய லேப்டாப்பில் விஎம் ஓட்டி மல்லுக்கட்டுவதைவிட, டிஸ்கில் தனிப் பகுதி ஒதுக்கி லினக்ஸை நேரடியாகவே நிறுவிக்கொள்ளலாம்.