பதினொன்றாம் பிரிவு

1789 அக்டோபர் 5. ரொட்டி விலை தாளாமல் பாரிஸ் சந்தைப் பெண்கள் மழையில் வெர்சாய் வரை நடந்தார்கள். மறுநாள் மன்னனைக் குடும்பத்தோடு பாரிசுக்கு அழைத்துவந்தார்கள். அந்த ஆகஸ்டில்தான் மனித உரிமைப் பிரகடனம் வெளியாகியிருந்தது. அதன் 'மனித'னில் பெண் இல்லை என்பது வாக்குரிமையை வகுத்தபோது தெரிந்துவிட்டது.

1791இல் ஒலாம்ப் தெ கூஜ் அதன் 17 பிரிவுகளையும் பெண்ணுக்காகத் திருப்பி எழுதினார். பல பிரிவுகளில் சொல்லை மாற்றியதோடு சரி. "இவ்வளவுதானா மேடம்?" என்று வகுப்பில் மாணவிகள் கேட்பதுண்டு. 11ஆம் பிரிவு வந்ததும் அந்தக் கேள்வி நின்றுவிடும். மூலத்தில் அது பேச்சுரிமை. கூஜ் அதை, தன் குழந்தைக்குத் தகப்பன் இன்னாரென்று ஒரு பெண் வெளிப்படையாகச் சொல்லும் உரிமையாக்குகிறார். பெண்ணின் பேச்சு எந்த இடத்தில் அடைபடுகிறது என்பது மூலத்தை எழுதிய ஆண்களுக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் இந்தப் பிரதியை அவர் காணிக்கையாக்கியது அரசிக்கு. ரொட்டி விலை 17 பிரிவுகளில் எதிலும் இல்லை. வெர்சாய்க்கு நடந்தவர்கள் இதற்குள் எங்கே இருக்கிறார்கள்? இந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

1792இல் முடியாட்சி போயிற்று. வந்த குடியரசு இந்த வேறுபாட்டையெல்லாம் பார்க்கவில்லை. 1793 அக்டோபர் 30இல் பெண்கள் சங்கங்களைத் தடைசெய்தது. நவம்பர் 3இல் கூஜைக் கில்லட்டினுக்கு அனுப்பியது.