மெயில் ஹேங் ஆனால்: வழக்கமான வைத்தியம் சரிதானா?

ஜூலை மாதக் கடைசி வாரம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நெருக்கடியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மூத்த கணக்கர் பேசினார். "தம்பி, மெயில் ஹேங் ஆயிடுச்சு. மூணு தடவை எண்டு டாஸ்க் கொடுத்துட்டேன். இப்ப திறக்கவே மாட்டேங்குது."

அவர் செய்ததில் வியப்பில்லை. திரை வெளுத்து, மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தால் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்கு 'செத்துவிட்டது' என்று பொருள் இல்லை. ஒரு நிரல் ஏறத்தாழ 5 நொடி விண்டோஸின் அழைப்புக்குப் பதில் தராவிட்டால் அந்தப் பலகை விழுந்துவிடும். பெரும்பாலும் அது எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது: நெட்வொர்க்குக்கு, வட்டுக்கு, நிரலோடு சேர்த்த ஓர் ஆட்-இன்னுக்கு, கோப்பைப் பிடித்துவைத்திருக்கும் ஆன்டிவைரஸுக்கு.

மைக்ரோசாப்டின் மெயில் நிரலான அவுட்லுக் இப்படி நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பட்டியல் பரவலாகப் புழங்குகிறது. சேஃப் மோடில் திற, ஆட்-இன்களை நிறுத்து, ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி கொண்டு கடிதக் கோப்பைப் பழுதுபார், புதிய புரொஃபைல் போடு, கடைசியில் ஆபீஸையே நீக்கி மறுபடி நிறுவு.

இந்தப் பட்டியலின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் முதல் படி மிக நல்ல சோதனை. கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி அவுட்லுக்கைத் திறந்தால் ஆட்-இன்கள் இல்லாமல் திறக்கும். அப்போது ஒழுங்காக ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் ஆட்-இன்தான். ஒரே சோதனையில் பாதிச் சந்தேகம் தீர்கிறது. எந்தக் கடிதத்துக்கும் சேதமில்லை. பழையதை அழிக்காமல் புதிய புரொஃபைல் போட்டுப் பார்ப்பதும் அப்படியே. தொலைபேசியில் சொன்னாலே யாரும் செய்துவிடலாம் என்பது இன்னொரு நன்மை.

குறை அதற்குப் பின்னால் தொடங்குகிறது. எந்த நோய்க்கும் ஒரே வரிசையில் மருந்து தருகிறது இந்தப் பட்டியல். நோயாளியின் நாடியைப் பார்ப்பதில்லை. நாடி பார்க்க வழி இல்லாமல் இல்லை. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 1002 என்ற எண்ணோடு ஹேங்குகள் பொதுவாகப் பதிவாகியிருக்கும். 45 என்ற எண்ணில், எந்த ஆட்-இன் தொடங்க எத்தனை மில்லி நொடி எடுத்தது என்று அவுட்லுக்கே எழுதிவைக்கிறது. டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்தில் 'அனலைஸ் வெயிட் செயின்' என்று கேட்டால், எது எதற்காகக் காத்திருக்கிறது என்பது பல சமயம் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. ஸ்கேன்பிஎஸ்டி தீங்கில்லாத கருவி என்ற எண்ணம் தவறு. கோப்பின் கட்டமைப்பைச் சீராக்குவதுதான் அதன் வேலை. மீட்க முடியாத கடிதங்களை அது விட்டுவிடும். பழுதுபார்க்குமுன் நகல் எடுக்கவா என்று அது கேட்கிறது. அவசரத்தில் பலர் அந்தக் குறியை எடுத்துவிடுகிறார்கள். சர்வரில் உள்ள கடிதங்களின் உள்ளூர் நகலான ஓ.எஸ்.டி. கோப்பு என்றால், சர்வருக்குப் போய்ச் சேராதவை தவிர மற்றதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கின் பி.எஸ்.டி. கோப்போ பல இடங்களில் அந்தக் கடிதங்களின் ஒரே பிரதி. இரண்டுக்கும் ஒரே அறிவுரை சொல்வது பொறுப்பாகாது.

மூன்றாவது, மறுபடி நிறுவுதல். அது நிரலை மாற்றுகிறது. கடிதக் கோப்பையும் புரொஃபைலையும் பொதுவாகத் தொடுவதில்லை. கோப்பில் கோளாறு என்றால் அரை நாள் போனதுதான் மிச்சம்.

பட்டியல் கடைசிவரை கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கோப்பு எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது? அவுட்லுக் 2002 வரை பி.எஸ்.டி. கோப்பின் எல்லை 2 ஜிபி. 2003, 2007 பதிப்புகளில் 20 ஜிபி. 2010 முதல் 50 ஜிபி. எல்லைக்குள் இருப்பதால் மட்டும் கோப்பு வேகமாக ஓடிவிடாது. தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலிலும் இதே கதை. வழக்கமான அமைப்பில் ஒரு ஃபோல்டரின் கடிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில் அடுக்கப்படுகின்றன. நீக்கிய கடிதமும் 'காம்பாக்ட்' செய்யும்வரை உள்ளேயே கிடக்கும்.

அந்த அலுவலகத்தில் பி.எஸ்.டி. கோப்பு வேறொரு கணினியின் பகிர்வு ஃபோல்டரில் இருந்தது. நெட்வொர்க் வழியாக இப்படி வைப்பதை மைக்ரோசாப்ட் நெடுங்காலமாகவே வேண்டாம் என்கிறது. நெட்வொர்க் தடுமாறிய நேரம் நிரல் காத்திருந்தது. எழுதிக்கொண்டிருந்த கோப்பை எண்டு டாஸ்க் பாதியில் அறுத்தது. நோய் சிறியது, அதைப் பெரிதாக்கியது வைத்தியம். கோப்பைக் கணினியின் வட்டுக்குக் கொண்டுவந்து, நகல் எடுத்து, அந்த நகலில் ஸ்கேன்பிஎஸ்டி ஓட்டினோம். நிரல் திறந்தது. அந்த வாரக் கடிதங்கள் சில திரும்பவில்லை.

பட்டியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் பத்து நிமிடம் காத்திருங்கள். பிறகு பதிவுகளைப் பாருங்கள். நிரலை மூடியபின் கோப்பை நகலெடுங்கள். அதற்குப் பிறகே எதையும் பழுதுபாருங்கள். நிரலை எந்த நாளும் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். நகல் இல்லாத கடிதம் போனால் போனதுதான்.