வீட்டுக் கல்விக்கான நடுநிலை வகுப்பு அறிவியல் பாடநூல்கள்: ஒரு மதிப்பீடு

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர், 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு எந்த அறிவியல் பாடநூலைக் கைக்கொள்வது என்பது வீட்டுக் கல்வியின் முக்கியமான கேள்விகளுள் ஒன்று. சமயச் சார்பற்ற பாடநூல் வேண்டும் என்போருக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தமிழ்நாட்டு அரசின் பாடநூல், என்.சி.இ.ஆர்.டி. பாடநூல், மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தின் பாடநூல் ஆகிய மூன்றையும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

சொல்லின் பின்னணி

சமயச் சார்பற்ற அறிவியல் பாடநூல் என்ற பேச்சு அமெரிக்க வீட்டுக் கல்வியில் வலுப்பெற்றது. அங்கு வீட்டுக் கல்விக்கான நூல்களில் கணிசமானவற்றைக் கிறித்தவப் பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. அவற்றுள் பல, உலகம் படைக்கப்பட்டது என்னும் நம்பிக்கையையே அறிவியல் பாடமாக வைக்கின்றன. அபாலஜியா பதிப்பகத்தின் நூல் வரிசை இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றுக்கு மாற்றாக, உயிரினப் பரிணாமத்தையும் பூமியின் வயதையும் சான்றுகளோடு விளக்கும் நூல்கள் வந்தன. இரண்டுக்கும் இடையில், யாருடைய மனமும் நோகாதபடி பரிணாமத்தைத் தொடாமலே கடந்துபோகும் நூல்களும் விற்பனையாகின்றன.

ஆக, ஒரு பாடநூல் இரண்டு வழிகளில் அறிவியலிலிருந்து விலகலாம். ஒன்று, நம்பிக்கையை உண்மை என்று சேர்ப்பது. மற்றொன்று, நம்பிக்கையோடு மோதும் உண்மையை விட்டுவிடுவது. முதலாவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தெரியாது, இல்லாத பாடத்தைப் பிள்ளை எப்படித் தேடும்? இந்தியப் பாடநூல்களை எடைபோடும்போது இவ்விரண்டையும் பார்க்க வேண்டும். மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு: உண்மையையே சான்று இல்லாமல் ஒப்பிக்கச் சொல்வது. தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமான குறை இதுதான்.

சட்டமும் தேர்வும்

6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக் கல்வியைப் பற்றி அச்சட்டம் தனியே எதுவும் கூறவில்லை. ஆனால் பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதன் 29-ஆவது பிரிவு கூறுகிறது: அரசமைப்பின் மதிப்புகளுக்கு ஏற்றதாகவும், செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியே கற்பதாகவும் அது அமைய வேண்டும். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்பதும் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் அரசமைப்பில் சேர்க்கப்பட்டது. சமயச் சார்பற்ற அறிவியல் நூலைத் தேடும் பெற்றோர் கேட்பது புதிய சலுகை அன்று. சட்டம் ஏற்கெனவே சொல்லியிருப்பதைத்தான்.

சான்றிதழுக்கு வழிகள் உண்டு. பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எனவே எந்த நூலைப் படித்தாலும், எட்டாம் வகுப்பு முடிவில் இவற்றில் ஒன்றை நோக்கிப் பிள்ளை போயாக வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உரைகல்: திருவக்கரைக் கல்மரங்கள்

பாடநூலை மதிப்பிட ஓர் உரைகல் இவ்வட்டாரத்திலேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள திருவக்கரையில் தேசியக் கல்மரப் பூங்கா அமைந்துள்ளது. இங்குள்ள கல்மரங்களைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781-இல் பதிவு செய்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இப்பூங்காவைப் பாதுகாத்து வருகிறது. இம்மரங்களின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள்.

திருவக்கரை, வக்கிரகாளியம்மன் சந்நிதி உள்ள சிவன் கோயிலாலும் புகழ்பெற்ற ஊர். வதைக்கப்பட்ட அசுரனின் எலும்புகளே இந்தக் கற்கள் என்பது ஊர்க்கதை. கோயிலுக்கு வரும் குடும்பத்துப் பிள்ளை, ஒரே நாளில் கதையையும் கேட்கிறது, கல்லையும் பார்க்கிறது. அந்தக் கதையைப் பழிப்பதோ மறைப்பதோ அறிவியல் பாடத்தின் வேலை அன்று. கல்லைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே அதன் வேலை. மரத்தின் நாரோட்டம் கல்லில் அப்படியே தெரிகிறது. எலும்பில் அப்படி இருக்காது. அடிமரங்கள் கிடக்கின்றன, கிளை, இலை, வேர் ஒட்டிக்கொண்டில்லை. ஆகவே அவை வேறிடத்தில் வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்தவை என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். புதைந்த மரத்தில் நீர்வழியே சிலிக்கா ஊறி, மரப்பொருள் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்தக் கல்லின்முன் நிற்கும் பிள்ளைக்கு மூன்று கேள்விகள் எழ வேண்டும். இது மரம் என்று எப்படித் தெரியும்? இவ்வளவு பழையது என்று எப்படித் தெரியும்? இரண்டு விளக்கங்கள் இருந்தால் எதைப் பார்த்து முடிவு செய்வது? இவற்றைக் கேட்கப் பழக்கும் நூலே சமயச் சார்பற்ற அறிவியல் நூல்.

தமிழ்நாட்டுப் பாடநூல்

சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-இல் வந்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வகுத்த புதிய பாடத்திட்டத்தின்படி, 6-ஆம் வகுப்புக்கு 2018-இலும் 7, 8-ஆம் வகுப்புகளுக்கு 2019-இலும் புதிய நூல்கள் வெளிவந்தன. தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள இந்நூல்களை இணையத்திலிருந்து கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். வீட்டுக் கல்விக்கு இது பெரிய வசதி.

உள்ளடக்கத்தில் இந்நூல்கள் நம்பிக்கை தரக்கூடியவை. அளவீடுகள், பருப்பொருள், வெப்பம், மின்னியல், செல், நுண்ணுயிரிகள் எனப் பாடங்கள் ஒழுங்காக வளர்கின்றன. பத்தாம் வகுப்பில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருக்கிறது. நம்பிக்கையைச் சேர்த்தல், உண்மையை நீக்குதல் என்ற முதல் இரண்டு குறைகளும் இங்கே பெரிதாக இல்லை.

குறை மூன்றாவது வகையைச் சேர்ந்தது. ஆறாம் வகுப்பில் ‘விலங்குகள் வாழும் உலகம்’ பாடம் மீன், பறவை, ஒட்டகம் முதலியவற்றின் தகவமைப்புகளை வரிசையாகச் சொல்கிறது. அவை எவ்வாறு உண்டாயின என்ற கேள்விக்கு நடுநிலை வகுப்பில் விடை இல்லை. நீந்துவதற்காகத் துடுப்பு, பறப்பதற்காகச் சிறகு என்று தமிழில் சொல்லும்போது, யாரோ திட்டமிட்டுக் கொடுத்தது போன்ற பொருள் தானாகவே வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு வரும்வரை நான்கு ஆண்டுகள் அந்தப் பொருளே பிள்ளையின் மனத்தில் இருக்கும்.

அடுத்தது மதிப்பீட்டுப் பகுதி. சரியான விடையைத் தேர்ந்தெடு, கோடிட்ட இடத்தை நிரப்பு, பொருத்து, சரியா தவறா என்று பாடம் முடிகிறது. பாடத்தின் நடுவே நல்ல செயல்பாடுகள் இருந்தும், தேர்வு கேட்பது இந்த ஒரு வரி விடைகளைத்தான். அதனால் செயல்பாடுகள் கைவிடப்பட்டு, கைடு புத்தகம் மேசைக்கு வந்துவிடுகிறது. செல்லின் ஆற்றல் மையம் மைட்டோகாண்ட்ரியா என்று ஒப்பிக்கும் பிள்ளைக்கும், பொருள் தெரியாமல் சுலோகம் ஒப்பிக்கும் பிள்ளைக்கும் கற்கும் முறையில் வேறுபாடு இல்லை.

என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி வந்த என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் நூல்கள், கேள்வி கேட்டுப் பாடத்தைத் தொடங்கும் முறையால் நற்பெயர் பெற்றவை. கொரோனாவுக்குப் பின் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லிப் பல பகுதிகள் நீக்கப்பட்டன. பத்தாம் வகுப்பில் ‘மரபும் பரிணாமமும்’ என்ற பாடம் ‘மரபு’ என்று சுருங்கியது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் இதை எதிர்த்துத் திறந்த மடல் வெளியிட்டனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்பது மறுமொழி. ஆனால் பத்தாம் வகுப்போடு உயிரியலை விடும் மாணவர் அதை ஒருபோதும் படிக்கமாட்டார்.

நடுநிலை வகுப்புகளுக்கு ‘கியூரியாசிட்டி’ என்ற புதிய நூல் வரிசை 2024 முதல் வருகிறது. செயல்பாடுகளுக்கு இடம் தரும் அழகிய நூல்கள் இவை. பழங்கால இந்திய அறிஞர்களைப் பற்றிய செய்திகள் இவற்றில் கூடுதலாக இடம்பெறுகின்றன. அதுவே குறை ஆகாது. பூமி தன்னைத்தானே சுற்றுவதை, ஓடும் படகில் இருப்பவருக்குக் கரை பின்னே நகர்வதுபோல் தோன்றும் என்ற உவமையால் ஆரியபட்டர் விளக்கினார். கிரகணம் நிழலால் உண்டாவது என்றும் சொன்னார். இதைக் கற்பிப்பது நல்ல அறிவியல் பாடம். அங்கே வாதம் இருக்கிறது.

வாதம் இல்லாத பெருமை வேறு. விழுப்புரத்தில் பிறந்து அங்குள்ள ரயில்வே பள்ளியில் படித்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியது. அதைப் பற்றி அதே ஆண்டு அக்டோபரில் என்.சி.இ.ஆர்.டி. மாணவர்களுக்காக வெளியிட்ட துணைப்பாடத்தில், பறக்கும் ஊர்திகளைப் பற்றிய அறிவு பழங்காலத்திலேயே இருந்தது என்பதற்கு வைமானிக சாஸ்திரம் சுட்டப்பட்டது. அந்நூல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, அதில் சொல்லப்படும் ஊர்திகள் பறக்க இயலாதவை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐவர் 1974-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டனர். இதனால் இழப்பு யாருக்கு? ரயில்வே ஊழியரின் மகன் பட்டயப் படிப்பில் தொடங்கி நிலவுத் திட்டத்தை வழிநடத்தினார் என்ற உண்மைக் கதையின் பக்கத்தில் புராண விமானம் நிறுத்தப்படும்போது, உழைப்பின் மதிப்பே குறைகிறது.

பால வைக்ஞானிக்

ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கியது. பின்னர் ஏகலவ்யா அமைப்பு அதை வளர்த்தது. 2002-இல் அரசு அதை நிறுத்தியது. 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கான அதன் நூல் ‘பால வைக்ஞானிக்’. இந்நூல் விடையை முன்கூட்டியே சொல்வதில்லை. சோதனையைச் செய், பார்த்ததை அட்டவணையில் எழுது, குழுவில் பேசு, முடிவுக்கு வா என்று நடத்திச் செல்கிறது. தேர்வில் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. சமயத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே, சான்று கேட்கும் பழக்கத்தை அது உண்டாக்கியது. இந்தியில் எழுதப்பட்டது என்பதும், பிள்ளைகள் குழுவாக இருப்பதை எதிர்பார்க்கிறது என்பதும் வீட்டுக் கல்விக்கு இடர்கள். நூலை அப்படியே எடுக்க இயலாவிட்டாலும் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

பெற்றோரின் கை

வீட்டுக் கல்வியில் ஆசிரியரும் தணிக்கையாளரும் ஒருவரே. எட்டாம் வகுப்புத் தமிழ்நாட்டு நூலில் ‘வளரிளம் பருவமடைதல்’ பாடம் இருக்கிறது. கூச்சத்தால் ஒரு பெற்றோர் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டால் கேட்பதற்கு யாரும் இல்லை. மாதவிடாயைத் தீட்டு என்று மட்டும் அறிந்து வளரும் பெண்பிள்ளைக்கு, எந்தப் பாடநூலும் உதவப்போவதில்லை.

யார் கற்பிக்கிறார் என்ற கவலை பொதுவெளியிலும் எழுந்தது. 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் தன்னார்வலர் கற்பிக்கும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம், 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. தன்னார்வலர் என்ற பெயரில் மதவாதிகள் நுழைந்துவிடக்கூடாது என்று திராவிடர் கழகமும் இடதுசாரிகளும் அப்போதே எச்சரித்தனர். பள்ளிக்கு வெளியே நடக்கும் எந்தக் கல்விக்கும் இக்கேள்வி பொருந்தும். ஒரே வீட்டுக்குள் முடங்காமல், இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒருமுறை அறிவியல் படிப்பது இதற்கு ஒரு தீர்வு. ஒருவர் தள்ளிய பக்கத்தை மற்றவர் திறப்பார்; பிள்ளைக்கும் வாதிட ஆள் கிடைக்கும்.

மதிப்பீடு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் தமிழில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலே முதல் தேர்வாக இருக்கத் தக்கது. செலவு இல்லை, எட்டாம் வகுப்புத் தேர்வுக்கும் பொருந்தும், உள்ளடக்கம் நேர்மையானது. ஆனால் அதை மூன்று மாற்றங்களோடு பயன்படுத்த வேண்டும்.

முதலாவது, வரிசை மாற்றம். செயல்பாட்டை முதலில் செய்துவிட்டு, பிறகே பாடத்தைப் படிக்க வேண்டும். பொருள்களைப் பிரிக்கும் முறைகளுக்கு மரக்காணம் உப்பளத்தைவிட நல்ல ஆய்வகம் இல்லை. பாத்தியில் நீர் வற்றுவதையும் உப்பு பூப்பதையும் பார்த்து, நாள்தோறும் குறித்து வந்தபின் ஆவியாதல் என்ற சொல் வரட்டும்.

இரண்டாவது, பரிணாமத்தைப் பத்தாம் வகுப்புவரை தள்ளிவைக்காமல் தகவமைப்புப் பாடத்தோடு சேர்ப்பது. இதற்கு மல்லாட்டைக் கொல்லையே போதும். டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை இரகங்களின் பெயரில் உள்ள எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் வந்தவை. அவற்றுள் டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது. செடிக்குச் செடி வேறுபாடு இருக்கிறது. வேண்டியதைத் தேர்ந்து விதைத்தால் சில தலைமுறைகளில் இரகம் மாறுகிறது. 1859-இல் வெளியான நூலில் டார்வினும் மனிதர் வளர்க்கும் புறாக்களையும் பயிர்களையும் கொண்டே தம் வாதத்தைத் தொடங்கினார். உழவர் செய்யும் தேர்வை இயற்கையும் செய்கிறது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை புரிந்துகொள்ளும்.

மூன்றாவது, ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் கோடிட்ட இடங்களுக்கு அடியில் ஒரு கேள்வியைக் கையால் எழுதிச் சேர்ப்பது: இது எப்படித் தெரியும்? விடை பாடத்தில் இல்லையென்றால் அதைத் தேடுவதே அந்த வாரத்தின் வீட்டுப்பாடம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ மாத இதழ் இத்தேடலுக்குத் துணை செய்யும்.

ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள் என்.சி.இ.ஆர்.டி. நூலைத் துணைநூலாக வைத்துக்கொள்ளலாம். பழம்பெருமை பேசும் ஒவ்வொரு செய்தியிடமும் அதே கேள்வியைக் கேட்டால் ஆரியபட்டர் தேறுவார். வைமானிக சாஸ்திரம் தேறாது.