உரிமை தீர்ந்த நூல்கள்

ஓர் ஆசிரியரின் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டன என்று செய்தி வந்தால் நம்மவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் அந்தச் சந்தோஷம் அன்றோடு முடிந்துபோகிறது. மறுநாளிலிருந்து அந்த நூல்கள் என்ன ஆகின்றன என்று விசாரிப்பவர்கள் சிலரே. விமர்சனம் செய்ய வந்தவனுக்கு அந்த விசாரணைதான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 1957-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டுகள் அவர் நூல்களுக்குப் பதிப்புரிமை உண்டு என்று இருந்தது. 1992-ல் அதை 60 ஆக்கினார்கள். காரணம் ஒரே ஒரு கவி. தாகூர் மறைந்தது 1941-ல். அவர் நூல்கள் 1991 முடிவில் பொதுச் சொத்தாகியிருக்க வேண்டும். உரிமையோ அவர் நிறுவிய விசுவபாரதியிடம் இருந்தது. அது அவர்கள் கையைவிட்டுப் போகக் கூடாது என்று குரல் எழுந்தது. சட்டம் பத்து ஆண்டு நீண்டது. தாகூருக்காக நீட்டியது கேட்டவர், கேளாதவர் எல்லா எழுத்தாளர்களுக்கும் சேர்த்தே நீண்டது. 2001 முடிவில்தான் தாகூர் பொதுவானார்.

இந்த 60 ஆண்டுக் காவலால் என்ன பயன்? பயன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. விசுவபாரதி வெளியிட்ட ரவீந்திர ரசனாவளியில், ஒவ்வொரு தொகுதியிலும் நூல்களின் வரலாற்றைச் சொல்லும் குறிப்புகள் உண்டு. எந்த நூல் எப்போது வந்தது, எப்படி மாறியது என்று வங்காள வாசகன் அறிந்துகொள்ள வழி இருக்கிறது. தமிழில் எத்தனை ஆசிரியர்களுக்கு இப்படிச் செய்திருக்கிறோம்?

ஆனால் அதே காவல் இன்னொன்றும் செய்தது. தாகூர் பாட்டை இசைத்தட்டில் பதிய விசுவபாரதியின் இசைக் குழு சம்மதிக்க வேண்டும் என்று இருந்தது. தேவவிரத விசுவாஸ் என்ற பெரிய பாடகரின் பதிவுகளுக்கு அந்தக் குழு ஆட்சேபம் சொன்னது. வாத்தியங்கள் அதிகம், பாடும் முறை சரியில்லை என்றெல்லாம் குறை. மனம் நொந்த அவர் தாகூர் பாட்டைப் பதிவு செய்வதையே விட்டுவிட்டார், 1980-ல் காலமானார். இன்றும் வங்காளிகள் அவர் குரலைத் தேடிக் கேட்கிறார்கள். ஆட்சேபித்த குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? எழுத்தைக் காப்பவர்களே அதைப் பூட்டியும் வைத்துவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

நம் பாரதியின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. அவர் இறந்தது 1921-ல். நூல்களின் உரிமை குடும்பத்தாரிடம் இருந்தது. பாட்டுகளை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை மட்டும் தனியே ஒரு வியாபாரியிடம் போய், அவரிடமிருந்து ஏ. வி. மெய்யப்பன் கைக்கு வந்தது. 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டைக் கேட்டுத் தமிழ்நாடே பூரித்துப்போயிற்று. மறு ஆண்டு 'பில்ஹணன்' படத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது, அது யாருடைய பாட்டு என்ற தகராறு கிளம்பியது. சுதந்திரத்தைப் பாடியவனின் பாட்டைச் சுதந்திர நாட்டில் பாட ஒரு கம்பெனியின் அனுமதி வேண்டுமா என்று ஊர் கேட்டது. 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசாங்கம் உரிமையை ஏற்றது. குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்தார்கள். மெய்யப்பன் தம் பங்கைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். ஐம்பதுகளின் நடுவில் அரசாங்கமும் தன் பிடியை விட்டு, யாரும் அச்சிடலாம் என்றது.

இது பாரதியே ஆசைப்பட்டதுதான். 1920-ல், தம் எழுத்தையெல்லாம் 40 புஸ்தகங்களாக அச்சிடப் பணம் கேட்டு அவர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை ஜனங்களிடையே சாதாரணமாகப் பரவும் என்பது அவர் நம்பிக்கை. பணம் வரவில்லை, அடுத்த ஆண்டு அவரும் இல்லை. இன்று பாரதி தீப்பெட்டி போலத்தான் கிடைக்கிறார். ரயிலடியிலும் புஸ்தகச் சந்தையிலும், ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்கு முழுக் கவிதைகளும் கிடைக்கின்றன. இதில் குறை காண எனக்கு மனமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. உரிமை உடையவன் இருந்தவரை, பிழைக்கு அவனைக் கேட்கலாம். உரிமை தீர்ந்தபின் யாரைக் கேட்பது? ஒரு பதிப்பைப் பார்த்து அடுத்தவர் அச்சுக் கோக்கிறார். அவருடையதைப் பார்த்து மூன்றாமவர். முதல் பதிப்பில் விழுந்த ஓர் எழுத்து மூன்றாவதில் ஓர் அடியையே தூக்கிக்கொண்டு போகிறது. ஆசிரியரின் முன்னுரை, பக்கம் மிச்சம் என்று கழிகிறது. தேதி போகிறது. 'புதிய ருஷ்யா' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார் வீழ்ந்தது 1917 மார்ச்சில். போல்ஷ்விக்குகள் ஆட்சியைப் பிடித்தது நவம்பரில். பாட்டு பாடுவது ஜாரின் வீழ்ச்சியை. முதலில் எப்போது, எந்தப் பத்திரிகையில் வந்தது என்று ஒரு வரி இல்லாத பதிப்பைப் படிக்கிறவன், இரண்டு புரட்சிகளையும் ஒன்றாக்கி, கவியின் அரசியலைப் பற்றி வேண்டியதைச் சொல்லிக்கொள்கிறான். தேதி இல்லாத பாட்டை யாரும் தன் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்காக உரிமையைத் திரும்பப் பூட்டிவை என்று நான் சொல்லமாட்டேன். பாரதியைப் பற்றி நாம் உருப்படியாக அறிந்ததில் பெரும் பகுதி, உரிமையே இல்லாத மனிதர்கள் தேடித் தந்தது. பெ. தூரன் பழைய 'சுதேசமித்திர'னைப் புரட்டித் தொகுத்த 'பாரதி தமிழ்', ரா. அ. பத்மநாபனின் 'சித்திர பாரதி', சீனி. விசுவநாதன் ஆயுளைச் செலவிட்டுக் காலவரிசைப்படி அடுக்கிய தொகுதிகள் எல்லாம் அப்படி வந்தவை. கிடைத்ததை அச்சிட ஒவ்வொரு முறையும் யாரிடமாவது கைகட்டி நிற்க வேண்டியிருந்தால் இந்த வேலை இவ்வளவு தூரம் நடந்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

ஆக, விடுதலை நல்ல பதிப்புக்கும் இடம் தருகிறது, மோசமான பதிப்புக்கும் இடம் தருகிறது. சந்தையோ இரண்டையும் ஒரே தராசில் வைத்து, மலிவானதை மேலே எடுக்கிறது. புதுமைப்பித்தன் கதைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி மூலங்களோடு ஒப்பிட்டு, வெளிவந்த இடமும் காலமும் குறித்து 2000-ல் செம்பதிப்பாக்கினார். 2002-ல் புதுமைப்பித்தன் நாட்டுடைமையானார். இப்போது யார் வேண்டுமானாலும் அவர் கதைகளை அச்சிடலாம். எதைப் பார்த்து அச்சிட்டோம் என்று சொல்லவும் வேண்டியதில்லை. ஐந்து ஆண்டு ஒப்பிட்டுப் பார்ப்பவனுடைய புஸ்தகமும் ஐந்து நாளில் அச்சேற்றுபவனுடைய புஸ்தகமும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. விலையைத் தவிர வேறு வித்தியாசம் வாசகன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கல்கியின் நூல்கள் 1999-ல் நாட்டுடைமையாயின. 'பொன்னியின் செல்வன்' அதன்பின் எத்தனையோ பேரிடமிருந்து வந்தது. 2022-லும் 2023-லும் படமாக இரு பாகங்கள் வந்தபோது இன்னும் பெருகியது. சுருக்கிய பதிப்புகளும் உண்டு. சுருக்குவது பாவமில்லை. சுருக்கியிருக்கிறோம் என்று அட்டையில் பெரிதாகச் சொல்லாமல் விற்றால், அது வாசகனுக்கும் செய்த மோசம், கல்கிக்கும் செய்த மோசம்.

நானும் நாவல் எழுதிப் பிழைப்பவன். எனக்குப் பிறகு 60 ஆண்டுகள் என் பேரப் பிள்ளைகள் என் புஸ்தகங்களுக்குக் காவல் இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அவர்களுக்கு அதில் நாலு காசு வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் காவலில் இருந்தபடியே அச்சில் இல்லாமல் செத்துப்போன புஸ்தகங்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டில் ஒன்று என்றால், பிழைகளோடு உயிரோடு இருப்பதையே கேட்பேன். பிழையில்லாமல் உயிரோடு இருக்க ஒரு வழி உண்டென்றால் அதை ஏன் கேட்கக் கூடாது?

வழி பெரிய காரியமில்லை. நம் அரசாங்கம் நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, அவர்கள் குடும்பத்தாருக்குப் பரிவுத் தொகை கொடுத்திருக்கிறது. அந்தத் தொகையோடு இன்னொரு சிறு தொகை ஒதுக்கி, ஒவ்வொரு ஆசிரியருக்கும் மூலங்களோடு ஒப்பிட்ட ஒரு பாடத்தைத் தயாரித்து, யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்கட்டும். மலிவுப் பதிப்பாளர் அதைப் பார்த்தே அச்சிடட்டும். அவருக்கும் வேலை மிச்சம். அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புஸ்தகத்தை வாங்குமுன் முதல் நாலு பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். எந்தப் பதிப்பைப் பார்த்து அச்சிட்டது, முதலில் எப்போது வந்தது, ஒப்பிட்டுப் பார்த்தவர் யார் என்ற மூன்று விவரங்களும் அங்கே இருக்கின்றனவா? இல்லையென்றால் அதைத் திரும்ப வைத்துவிட்டு, பக்கத்திலிருப்பதை எடுங்கள். பத்து ரூபாய் கூட இருக்கலாம்.